மதுரைச் சமவெளிக் கரும்பு வேளாண்மையில் மண் பரிசோதனை: மொத்தச் சத்தும் கிடைக்கும் சத்தும்

ஆய்வுச்சுருக்கம்

கரும்பு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரே நிலத்தில் நின்று பெருமளவு சத்துக்களை எடுத்துக்கொள்ளும் பயிர். அதற்கு இடவேண்டிய உரத்தின் அளவை முடிவு செய்ய மண் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. எனினும், பரிசோதனை அறிக்கையில் காணப்படும் எண்கள் மண்ணிலுள்ள சத்தின் மொத்த இருப்பைக் குறிப்பன அல்ல. பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதியை ஒரு குறிப்பிட்ட வேதிக் கரைசலின் வழியே மதிப்பிட்டுக் கூறுவன. இவ்வேறுபாட்டை மையமாகக் கொண்டு, மதுரைச் சமவெளியின் மண் வகைகள், மாதிரி எடுக்கும் முறை, ஆய்வக முறைகளின் அடிப்படை, எண்ணிலிருந்து உர அளவைப் பெறும் வழி, உர அளவுக்கும் கரும்பு விலைக்கும் உள்ள உறவு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கரும்பு, மண் பரிசோதனை, கிடைக்கும் சத்து, மதுரை, கார அமில நிலை, பிழிதிறன், களர், உவர்

முன்னுரை

வைகைக் கரைக்கும் கரும்புக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. ஐங்குறுநூற்றின் 55ஆம் பாடல் பாண்டியனது தேனூரைக் குறிப்பிடும்போது, அங்குள்ள கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசை களிற்றின் பிளிறலுக்கு எதிராக ஒலிப்பதாகக் கூறுகிறது. மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் உள்ள இன்றைய தேனூரே அவ்வூர் என்பது பலரது கருத்து. மதுரை நகரின் சிம்மக்கல் பகுதியிலிருந்து வைகையைக் கடந்து வடக்கே சென்றால், கரும்பு சார்ந்த வாழ்வு நெடுங்காலம் நிலவிய அலங்காநல்லூர், வாடிப்பட்டி வட்டாரங்களை அடையலாம். கிழக்கே மேலூர் வட்டாரம் பொங்கலுக்கான செங்கரும்புக்குப் பெயர்பெற்றது.

இவ்வட்டாரங்களின் கரும்பு வயல்களில் அவ்வப்போது காணப்படும் ஒரு காட்சி இக்கட்டுரையின் வினாவுக்கு அடிப்படையாகிறது. இளங்கரும்பின் குருத்திலைகள் நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகி, பின்னர் முழுவதும் வெளுத்துவிடுகின்றன. இது இரும்புச் சத்துப் பற்றாக்குறையின் அறிகுறி. மண்ணின் எடையில் 3 விழுக்காடு இரும்பு என வைத்துக்கொண்டால், ஓர் எக்டரின் 15 செ.மீ. மேல்மண்ணில் (ஏறத்தாழ 22.4 இலட்சம் கிலோ) 67,000 கிலோவுக்கு மேல் இரும்பு இருக்கும். நூறு டன் கரும்பு விளைச்சலுக்குத் தேவைப்படும் இரும்போ மூன்று, நான்கு கிலோ மட்டுமே. இவ்வளவு இருப்பின் நடுவே பயிர் ஏன் வெளுக்கிறது? இருப்பதெல்லாம் கிடைப்பதன்று என்பதே இதற்கு விடை. மண் பரிசோதனை என்னும் துறை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதே எழுப்பப்பட்டுள்ளது.

1. மதுரைச் சமவெளியின் மண்ணும் நீரும்

மதுரை மாவட்டத்தின் மண் ஒரே தன்மையுடையதன்று. மேலூர், அலங்காநல்லூர் பக்கங்களில் செம்மண்ணும் செம்மண் கலந்த இருமண்பாடும் மிகுதி. திருமங்கலம், தே.கல்லுப்பட்டிப் பகுதிகளில் கரிசல் மண் பரந்துள்ளது. வைகைக் கரையிலும் கால்வாய்ப் பாசனப் பரப்பிலும் வண்டல் படிந்த நிலங்கள் உள்ளன. 1895இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரும், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீரும் பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே கள்ளந்திரி, மேலூர் வரை சென்று பாய்கின்றன. கால்வாய் நீர் எட்டாத இடங்களில் கிணற்றுநீரே கரும்புக்கு ஆதாரம்.

சத்துக்கள் கிடைக்கும் நிலையை இவ்வேறுபாடுகள் நேரடியாகப் பாதிக்கின்றன. செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் வகைக் களிமண் சத்துக்களைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைந்தது. கரிசலில் மிகுந்துள்ள ஸ்மெக்டைட் வகைக் களிமண் அவ்வாற்றல் மிக்கது, ஆனால் அம்மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்திருக்கும். ஆகவே ஒரே கால்வாயின் நீர் பாயும் இரு வயல்களில், ஒரே கோ 86032 கரும்பு நடப்பட்டு, ஒரே அளவு உரம் இடப்பட்டாலும் பயன் ஒன்றாக அமையும் என்பதற்கு உறுதியில்லை.

2. மொத்தச் சத்தும் கிடைக்கும் சத்தும்

மண்ணிலுள்ள ஒவ்வொரு சத்தும் பல வடிவங்களில் இருக்கிறது. ஒரு பகுதி பாறைத் துகள்களின் உள்ளே பிணைந்திருக்கும். மற்றொரு பகுதி மட்கில் அடங்கியிருக்கும். களிமண் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதும் உண்டு. மிகச் சிறிய பகுதி மட்டுமே மண்நீரில் கரைந்திருக்கும். வேர் எடுத்துக்கொள்வது இக்கரைந்த பகுதியை. அது குறையும்போது ஒட்டியிருக்கும் பகுதி அதனை நிரப்புகிறது. கரைந்த பகுதியும் அதனை விரைவில் நிரப்பவல்ல பகுதியும் சேர்ந்ததே ‘கிடைக்கும் சத்து’ எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, மண்ணில் 0.05 விழுக்காடு தழைச்சத்து இருப்பினும் அது எக்டருக்கு 1,120 கிலோ ஆகும். கணக்கின்படி ஐந்து கரும்புப் பயிருக்குப் போதுமானது. ஆனால் அதில் பெரும்பகுதி மட்கில் பிணைந்திருப்பதால், நுண்ணுயிர்கள் சிதைத்து விடுவிக்கும் சிறு பங்கே ஒரு பருவத்தில் பயிருக்குக் கிட்டும். மொத்தச் சத்தை அளப்பது எளிது. ஆயினும் அந்த அளவு உழவருக்கு உதவாது. கிடைக்கும் சத்தை அளக்கவோ, வேரின் செயலை ஏதோ ஒரு வகையில் ஒத்திருக்கும் கரைசல் தேவைப்படுகிறது. ஆய்வக முறைகள் யாவும் அத்தகைய கரைசலைத் தேடியதன் விளைவுகளே.

இந்தியாவில் இம்முயற்சி நிறுவன வடிவம் பெற்றது 1955–56இல், மண் பரிசோதனை நிலையங்கள் தொடங்கப்பட்டபோது. 2015 பிப்ரவரி 19 அன்று இராஜஸ்தானின் சூரத்கட்டில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவுகளை ஒரே அட்டையில் தருகிறது: கார அமில நிலை, மின்கடத்தும் திறன், கரிமச்சத்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். மதுரை ஒத்தக்கடையில் 1965இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலும், வேளாண்மைத் துறையின் நிலையங்களிலும் இவ்வாய்வுகள் நடைபெறுகின்றன.

3. மாதிரி எடுத்தல்

ஆய்வகத்தில் பகுப்பாய்வுக்கு எடுக்கப்படுவது சில கிராம் மண்ணே. அது இலட்சக்கணக்கான கிலோ மண்ணுக்குச் சான்றாக நிற்க வேண்டும். எனவே மாதிரி எடுப்பதில் நேரும் பிழையை எக்கருவியாலும் திருத்த இயலாது.

நெல், நிலக்கடலை போன்ற மேலோட்ட வேர்ப் பயிர்களுக்கு 15 செ.மீ. ஆழம் வரையிலும், கரும்பு, பருத்தி, வாழை போன்றவற்றுக்கு ஏறத்தாழ 22 செ.மீ., அதாவது ஒன்பது அங்குல ஆழம் வரையிலும் மண் எடுக்க வேண்டும். நெல்லுக்குப் பின் கரும்பு நடுவோர் முந்தைய பயிரின் ஆழத்திலேயே மாதிரி எடுத்துவிடுவதுண்டு. அவ்வாறு எடுத்தால் உரம் தங்கும் மேலடுக்கின் அளவே மிகுத்துக் காட்டப்படும்.

மேற்பரப்பிலுள்ள சருகுகளை அகற்றி, ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து முதல் பதினைந்து இடங்களில் இவ்வாறு எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். பின்னர் அதனைப் பரப்பி நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்கி, எஞ்சியதை மீண்டும் கலந்து பகுக்க வேண்டும். அரைக் கிலோ அளவு எஞ்சும்வரை இது தொடரும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட்டு, நில அளவை எண், முந்தைய பயிர், அடுத்து நடவிருக்கும் பயிர், பாசன வகை ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும்.

வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் ஓரம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். கரும்புக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. உரம் பாரின் ஓரத்தில் இடப்பட்டு மண் அணைக்கப்படுவதால், நின்ற பயிரில் பாரிலிருந்து எடுக்கும் மண்ணும் சாலிலிருந்து எடுக்கும் மண்ணும் பெரிதும் வேறுபடும். எனவே அறுவடைக்குப் பின், அடுத்த நடவுக்கான அடியுரம் இடுவதற்கு முன் மாதிரி எடுப்பதே சிறந்தது. இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை அறிய விரும்பினால் துருப்பிடித்த மண்வெட்டியையும் துத்தநாகம் பூசிய வாளியையும் தவிர்த்து, மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் பயன்படுத்த வேண்டும்.

4. களரும் உவரும்: முதலில் காணவேண்டிய இரு எண்கள்

அறிக்கை வந்ததும் பலரும் நோக்குவது தழை, மணி, சாம்பல் அளவுகளை. ஆனால் முதலில் நோக்க வேண்டியவை கார அமில நிலையும் மின்கடத்தும் திறனும். மற்ற எண்களின் பொருளை இவ்விரண்டுமே முடிவு செய்கின்றன.

தமிழ் வழக்கு இவ்விரு குறைகளையும் தனித்தனிச் சொற்களால் குறிக்கிறது. உப்பு பூத்து வெண்படலம் தெரியும் நிலம் உவர். நீர் இறங்காமல் தேங்கி, காய்ந்தால் கல்லாக இறுகும் நிலம் களர். இன்றைய மண்ணியலும் இதே வேறுபாட்டை மேற்கொள்கிறது. நிறைவுற்ற மண்சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைக் கடந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5ஐக் கடந்து, களிமண்ணில் ஒட்டியுள்ள சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மிகுந்தால் அது களர் நிலம். உவர் நிலத்துக்கு நல்ல நீரால் உப்பைக் கழுவி வடிப்பது போதும். களர் நிலத்துக்கோ ஜிப்சம் இட்டுச் சோடியத்தை வெளியேற்றிய பின்னரே கழுவ வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதினால் ஜிப்சத்துக்கான செலவோ நீரோ வீணாகும்.

கரும்புக்கு 6.5 முதல் 7.5 வரையிலான கார அமில நிலை ஏற்றது. அது உயர உயர இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை கரையும் தன்மையை இழக்கின்றன. கார அமில நிலை ஓர் அலகு உயரும்போது இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முன்னுரையில் சுட்டப்பட்ட வெளுத்த கரும்பின் காரணம் இதுவே. அந்நிலத்தில் இரும்பு இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதனைக் கரையவிடுவதில்லை.

5. பேரூட்டச் சத்துக்களை அளத்தல்

*தழைச்சத்து:* 1956இல் சுப்பையா, அசிஜா ஆகியோர் வெளியிட்ட காரப் பெர்மாங்கனேட் முறையே இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. எளிதில் சிதையும் கரிமப் பொருளைப் பெர்மாங்கனேட் ஆக்சிசனேற்றம் செய்ய, வெளிப்படும் அம்மோனியா போரிக் அமிலத்தில் பிடிக்கப்பட்டு அளக்கப்படுகிறது. நுண்ணுயிர்கள் ஒரு பருவம் முழுதும் செய்வதைச் சில நிமிடங்களில் வேதிப்பொருளால் செய்து பார்க்கும் முயற்சி இது. தமிழ்நாட்டு அளவீட்டில் எக்டருக்கு 280 கிலோவுக்குக் குறைந்தது ‘குறைவு’, 280–450 ‘நடுத்தரம்’, 450க்கு மேல் ‘மிகுதி’.

*மணிச்சத்து:* இதற்கு மண்ணின் தன்மைக்கேற்ற இரு முறைகள் உள்ளன. அமில மண்ணில் மணிச்சத்து இரும்பு, அலுமினியத்தோடு பிணையும். அதற்குப் பிரே, குர்ட்சு ஆகியோர் 1945இல் வகுத்த முறை ஏற்றது. நடுநிலை மண்ணிலும் கார மண்ணிலும் அது சுண்ணாம்போடு பிணையும். அதற்கு ஓல்சன் குழுவினரின் 1954ஆம் ஆண்டு முறை ஏற்றது. அதில் பயன்படும் சோடியம் பைகார்பனேட் கரைசலின் கார அமில நிலை 8.5. அது சுண்ணாம்பைப் படியச்செய்து மணிச்சத்தை விடுவிக்கிறது. ஒரே மண்ணை இரு முறைகளிலும் ஆய்ந்தால் இரு வேறு எண்கள் வரும். இரு நிலையங்களின் அறிக்கைகள் வேறுபடும்போது ஒன்று பொய் எனக் கருதுவதற்கு முன், இரண்டும் எம்முறையைப் பின்பற்றின என்று கேட்பது முறை. ஓல்சன் முறைப்படி 11 கிலோவுக்குக் குறைந்தது ‘குறைவு’, 11–22 ‘நடுத்தரம்’, 22க்கு மேல் ‘மிகுதி’.

*சாம்பல்சத்து:* அம்மோனியம் அசிட்டேட் கரைசலிலுள்ள அம்மோனியம் அயனி, களிமண்ணில் ஒட்டியுள்ள பொட்டாசியத்தை இடம்பெயர்க்கும். இவ்வாறு வெளிவந்த அளவே பதிவாகிறது. எக்டருக்கு 118 கிலோவுக்குக் குறைந்தது ‘குறைவு’, 118–280 ‘நடுத்தரம்’, 280க்கு மேல் ‘மிகுதி’. கரிசலில் இது பெரும்பாலும் மிகுதியாகவே காணப்படும்.

தழைச்சத்தைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. வெப்ப நிலத்தில் மட்கு விரைந்து சிதைவதால், தமிழகத்தின் பெரும்பாலான மாதிரிகள் ‘குறைவு’ என்ற ஒரே வகையில் அடங்கிவிடுகின்றன. ஆகவே இவ்வட்டாரத்தில் பரிசோதனையால் உழவர் அடையும் உடனடிப் பயன் மணிச்சத்திலும் சாம்பல்சத்திலும் நுண்ணூட்டங்களிலுமே மிகுதி. ஆண்டுதோறும் டி.ஏ.பி. இடப்பட்ட வயல்களில் மணிச்சத்து சேர்ந்து நிற்பதைப் பரிசோதனையன்றி வேறு வழியில் அறிய இயலாது.

6. நுண்ணூட்டங்கள்

இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் ஆகியவற்றை அளக்க லிண்ட்சே, நார்வெல் ஆகியோர் 1978இல் வெளியிட்ட டி.டி.பி.ஏ. முறை பயன்படுகிறது. டி.டி.பி.ஏ. உலோக அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் சேர்மம். புல் இனப் பயிர்களின் வேர்கள் இரும்பைக் கவர்வதற்காகக் கசியவிடும் பொருள்களும் இவ்வகையினவே. தமிழ்நாட்டில் சுண்ணாம்பற்ற மண்ணுக்கு இரும்பின் தாழ்வரம்பு கிலோவுக்கு 3.7 மி.கி. எனவும், சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3 மி.கி. எனவும் கொள்ளப்படுகிறது. ஒரே சத்துக்கு இரு வரம்புகள் வகுக்கப்பட்டிருப்பது, எண்ணை மண்ணிலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது என்பதற்குத் தக்க சான்று. கிலோவுக்கு 5 மி.கி. இரும்புள்ள செம்மண் வயலுக்கு ஏதும் தேவையில்லை. அதே எண்ணுள்ள கரிசல் வயல் பற்றாக்குறை நிலம்.

குறை உறுதியானால் எக்டருக்கு 37.5 கிலோ துத்தநாக சல்பேட்டும் 100 கிலோ இரும்பு சல்பேட்டும் அடியுரமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. சுண்ணாம்பு மண்ணில் தனித்து இட்ட இரும்பு சல்பேட் விரைவில் கரையா நிலையை அடையும் என்பதால், அதனைத் தொழுஉரத்தோடு கலந்து ஊட்டமேற்றி இடுவது நல்லது. வெளுத்த பயிருக்கு இலைவழித் தெளிப்பே உடனடித் தீர்வு.

7. எண்ணிலிருந்து உர அளவுக்கு

நீர் உறுதியுள்ள பகுதிகளின் ஆலைக் கரும்புக்கு எக்டருக்கு 270:112.5:60 கிலோ தழை, மணி, சாம்பல்சத்து என்பதும், வெல்லத்துக்கான கரும்புக்கு 175:112.5:60 என்பதும் தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கிய பொதுப் பரிந்துரைகள். பரிசோதனை முடிவைப் பயன்படுத்தும் எளிய வழி, ‘குறைவு’ எனில் பொதுப் பரிந்துரையோடு 25 விழுக்காடு கூட்டுவதும், ‘மிகுதி’ எனில் 25 விழுக்காடு குறைப்பதுமாகும்.

மணிச்சத்து 34 கிலோ எனக் காட்டும் ஒரு வயலைக் கொள்வோம். அது ‘மிகுதி’ வகை. எனவே 112.5 கிலோ மணிச்சத்து 84.4 கிலோவாகக் குறையும். 16 விழுக்காடு மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால், 703 கிலோவுக்குப் பதில் ஏறத்தாழ 527 கிலோ போதும். எக்டருக்கு மூன்றரை மூட்டை மிச்சமாகிறது.

இம்முறையின் குறை, 12 கிலோ உள்ள வயலையும் 21 கிலோ உள்ள வயலையும் ஒன்றாகவே நடத்துவது. இதற்கு மாற்றாக எழுந்ததே இலக்கு விளைச்சல் முறை. ராமமூர்த்தியும் அவர்தம் குழுவினரும் 1967இல் சொனோரா 64 கோதுமைக்கு இதனை வகுத்தனர். அதனை ஒட்டி மண் பரிசோதனைக்கும் பயிர் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் 1967–68இல் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர் அதன் மையங்களுள் ஒன்று.

அதன் தருக்கம் எளிது. குறித்த விளைச்சலுக்குப் பயிர் எடுக்கும் சத்திலிருந்து மண் தரும் பங்கைக் கழிக்க வேண்டும். எஞ்சியதை, இட்ட உரத்தில் பயிர் கைக்கொள்ளும் விகிதத்தால் வகுக்க வேண்டும். கணக்கு விளங்கும்பொருட்டு மட்டும் சில எண்களைக் கொள்ளலாம்: டன்னுக்கு 2 கிலோ தழைச்சத்து, இலக்கு 120 டன், மண்ணிலுள்ள கிடைக்கும் சத்தில் பயிருக்குச் சேர்வது 30 விழுக்காடு, உரத்திலிருந்து சேர்வது 50 விழுக்காடு. தேவை 240 கிலோ. மண் 220 கிலோ காட்டினால் அதன் பங்கு 66. இடவேண்டியது 348 கிலோ. மண் 300 கிலோ காட்டினால் பங்கு 90. இடவேண்டியது 300 கிலோ. வேறுபாடு 48 கிலோ தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 104 கிலோ யூரியா. உண்மையான விகிதங்கள் ஒவ்வொரு மண்வகைக்கும் வயல் சோதனைகளால் பெறப்பட வேண்டும். தொழுஉரம், ஆலைக் கழிவு, உயிர் உரம் ஆகியவை தரும் பங்கையும் இதில் கழிக்கலாம்.

மறுதாம்புக் கரும்புக்குக் கட்டை சீவிய சில நாள்களில் கூடுதலாக 25 விழுக்காடு தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. பழைய வேர்கள் அழிந்து புதிய வேர்கள் ஊன்றும் காலத்தில், மண்ணில் விடப்பட்ட கட்டைகளையும் வேர்களையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்குப் போட்டியிடுவது இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

8. எடையும் இனிப்பும்

உர அளவு மண்ணோடு மட்டும் முடிவதன்று. கரும்பில் இலாபம் எடையிலும் இனிப்பிலும் பிரிந்து நிற்கிறது. தழைச்சத்து மிகுந்தாலோ காலந்தாழ்ந்து இடப்பட்டாலோ பயிர் தொடர்ந்து தழைத்துக்கொண்டே இருக்கும், முதிர்ச்சி தள்ளிப்போகும், சாய்தலும் பூச்சித் தாக்குதலும் கூடும், சாற்றில் சுக்ரோசு குறைந்து ஒடுக்கும் சர்க்கரைகள் மிகும். அத்தகைய சாற்றைக் கொப்பரையில் காய்ச்சினால் வெல்லம் கெட்டிப்படாமல் கசியும், நிறமும் கறுக்கும். வெல்லக் கரும்புக்குத் தழைச்சத்துப் பரிந்துரை குறைவாக அமைந்ததன் காரணம் இதுவே. மிகுதியான பொட்டாசியமும் சாற்றில் சாம்பலாகச் சேர்ந்து சர்க்கரை படிகமாவதைத் தடுக்கிறது. எனவேதான் மேலுரம் நட்ட 30, 60, 90ஆம் நாள்களோடு முடிக்கப்படுகிறது.

ஆனால் விலை முறை இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. ஒன்றிய அரசின் நியாயமான, ஆதாய விலை பிழிதிறனோடு இணைக்கப்பட்டது. 2024–25 பருவத்தில் 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், ஒவ்வொரு 0.1 விழுக்காடு உயர்வுக்கும் 3.32 ரூபாய் கூடுதல், 9.5 விழுக்காட்டிலும் அதற்குக் கீழும் 315.10 ரூபாய். இப்பிழிதிறன் ஆலை முழுவதற்குமான சராசரி. தம் வயலின் சாற்றைச் செழுமையாக்கிய உழவருக்குத் தனியே ஒரு ரூபாயும் கூடாது. மிகுதியாக யூரியா இட்டு எடையை மட்டும் பெருக்கியவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. எடையின் பயன் தனியொருவருக்கு. இனிப்பின் இழப்பு எல்லோருக்கும். மேலூர்ச் செங்கரும்பில் உயரமும் பருமனுமே விலையை முடிவு செய்வதால் இந்த ஈர்ப்பு இன்னும் வலியது.

மண் பரிசோதனை அறிக்கை பல வீடுகளில் பெட்டிக்குள் தங்கிவிடுவதற்கு அறியாமையை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. பரிந்துரையைப் பின்பற்றுவோருக்கு அதன் முழுப்பயனும் வந்து சேராத விலை முறையும் ஒரு காரணம். ஆயினும் மிச்சமாகும் உரச் செலவு உழவருக்கே உரியது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுந்த வயலில் அவற்றைக் குறைப்பது எடையைப் பாதிக்காமல் செலவைக் குறைக்கும்.

9. மண் பரிசோதனையின் எல்லை

கிடைக்கும் சத்தை அறிவது விளைச்சலுக்கு ஒரு நிபந்தனை மட்டுமே. வறண்ட மண்ணில் கரைந்த சத்து வேரை அடையாது. கிணற்றுநீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், மண்ணைச் சீர்செய்த பின்னும் இரும்புக் குறை மீளும். எனவே மண்ணோடு நீரையும் ஆய்வுக்கு அனுப்புவது தேவை. சோகையை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தும் கரிமமும் காற்றில் கலந்துவிடும். பரப்பி மட்கவிட்டால் அடுத்த பரிசோதனையின் கரிம எண்ணில் அது சிறிது சிறிதாகத் தென்படும்.

வயலுக்கு வெளியே உள்ள காரணங்களும் உண்டு. அலங்காநல்லூரிலுள்ள தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை கரும்பு வரத்துக் குறைவால் அரவையை நிறுத்தியபின், இவ்வட்டாரக் கரும்பு பிற மாவட்ட ஆலைகளுக்குச் செல்ல நேர்ந்தது. வெட்டிய கரும்பில் சுக்ரோசு மணிக்கு மணி சிதைவதால், வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைப்பதே நன்று. வெட்டு உத்தரவு தாமதமானாலும் வண்டி வழியில் நின்றாலும், மண்ணில் கவனமாகச் சேர்த்த இனிப்பு சாலையில் கரையும்.

முடிவுரை

மண் பரிசோதனை அறிக்கை மண்ணின் இருப்புக் கணக்கன்று. பயிர் கைக்கொள்ளத்தக்கதன் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் பொருளை மாதிரியின் ஆழம், மண்ணின் கார அமில நிலை, ஆய்வு முறை, வயல் சோதனையால் பெற்ற விகிதம் ஆகிய நான்கும் முடிவு செய்கின்றன. செம்மண்ணும் கரிசலும் வண்டலும் அருகருகே அமைந்த மதுரைச் சமவெளியில், ஒரே பரிந்துரை எல்லா வயலுக்கும் பொருந்தாது. களரையும் உவரையும் பிரித்துப் பெயரிட்ட வழக்கு, எல்லா நிலமும் ஒன்றல்ல என்பதை இவ்வட்டார உழவர் முன்பே அறிந்திருந்ததைக் காட்டுகிறது. ஆய்வகம் அவ்வறிவுக்கு அளவைத் தருகிறது. நடவும் இரு மறுதாம்பும் கொண்ட மூன்றாண்டுச் சுழற்சியின் தொடக்கத்தில் ஒருமுறை, ஒன்பது அங்குல ஆழத்தில் எடுத்த அரைக் கிலோ மண், அச்சுழற்சி முழுவதற்குமான உரச் செலவுக்கு வழிகாட்டும். அதன் முழுப்பயனும் உழவரை அடைய, எடைக்கும் இனிப்புக்கும் தனித்தனியே மதிப்பளிக்கும் விலை முறையும் உடன் அமைதல் வேண்டும்.